ரயர் கழற்றும் இயந்திரம்: வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

தெமட்டகொடைச் சந்தியிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே நடந்து போகிறவர்களுக்கு இறப்பர் மணமும் கொம்பிரசரின் இரைச்சலும் பழகிப்போனவை. ஒரு பக்கம் புகையிரதத் திணைக்களத்தின் இயந்திரக் கொட்டகை. சற்றே தள்ளி ஒறுகொடவத்தை. மருதானையைக் கடந்தால் வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தை. வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்து சேர்ந்த எமது குடும்பங்களின் இளைஞர் சிலர், இப்பகுதியின் கராஜ்களிலும் ரயர் கடைகளிலுமே முதன்முதலில் நாட்கூலி வேலை தேடிக்கொண்டனர்.

இரண்டு மூன்று வருடம் அவ்வாறு வேலை செய்த பின்னர் ஒரு கேள்வி எழுவது இயல்பு. "ரயர் கழற்றிப் பூட்டும் இயந்திரம் ஒன்றை நாமே வாங்கி வீட்டில் வைத்தால் என்ன?" சிலர் தமது சொந்த வாகனத்துக்காக இதைக் கேட்கிறார்கள். வேறு சிலர், கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ திரும்பிப் போகையில் ஒரு தொழிலையும் கையோடு கொண்டுபோகலாம் என்று எண்ணுகிறார்கள். இதற்கென ஒதுக்கும் பணம் பெரும்பாலும் நகையை அடகு வைத்த பணம். அல்லது காணியில் ஒரு துண்டை விற்ற பணம். ஒரு தடவைதான் செலவழிக்கக்கூடிய பணம் அது. ஆகவே ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விடயத்தை ஆறுதலாகச் சிந்திப்போம்.

ரயரும் நாமும்

காற்றடைத்த ரயரை 1888 ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் ஜோன் பொய்ட் டன்லப் என்ற மிருக வைத்தியர் தமது மகனின் மூன்றுசில்லு வண்டிக்காகச் செய்தார். அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னரே, 1876 இல், இறப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்து கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டிருந்தன. 1952 இல் இலங்கை சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெறும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. இறப்பரும் நெல்லும் எமது நாட்டின் வரலாற்றில் இவ்வாறு பிணைந்தவை.

வடக்கு மக்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரியூப்புகளோடு காலம் கழிந்தது. ஓர் இயந்திரமும் இல்லாமல், இரண்டு லிவரும் ஒரு சுத்தியலும் கொண்டு ரயர் கழற்றிய கைகள் எமது ஊர்களில் இன்றும் இருக்கின்றன. இயந்திரத்தின் விலையை எடைபோடும்போது அந்தக் கைகளின் பெறுமதியையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இயந்திரம் என்ன செய்கிறது?

ரயரின் உள்விளிம்பில் உருக்குக் கம்பிகள் உண்டு. அந்த விளிம்பு றிம்மின் ஓரத்தோடு இறுகப் பிடித்திருப்பதாலேயே ரயர் கழன்று போவதில்லை. எனவே வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலாவது, காற்றை முற்றாக இறக்கிய பின் விளிம்பை றிம்மிலிருந்து பிரித்தல். இரண்டாவது, அதை றிம்மின் ஓரத்துக்கு மேலாகத் தூக்கி வெளியே எடுத்தல்.

இயந்திரத்தின் பக்கத்திலுள்ள தட்டையான கை, காற்றழுத்தத்தினால் ரயரை நெருக்கி விளிம்பைப் பிரிக்கிறது. மேலே சுழலும் மேசையிலுள்ள நான்கு பிடிகள் றிம்மைப் பற்றிக்கொள்கின்றன. மேசை சுற்றும்போது, மேலிருந்து இறங்கும் கொக்கித் தலை விளிம்பைச் சிறிது சிறிதாக வெளியே எடுக்கிறது.

கையால் செய்பவரும் இதையே செய்கிறார். அவருடைய இரகசியம் றிம்மின் நடுவிலுள்ள பள்ளம். ஒரு பக்கத்து விளிம்பைக் காலால் அமுக்கி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால், எதிர்ப்பக்கத்தில் இடம் தளரும்; லிவர் இலகுவாக ஏறும். பள்ளத்தைப் பயன்படுத்தத் தெரியாதவர் எவ்வளவு பலசாலியானாலும் ரியூப்பைக் கடித்துவிடுவார். விளிம்புக்குச் சவர்க்கார நீர் பூசுவதும் அவசியம்.

எமது வாகனங்களுக்கு இது பொருந்துமா?

பலர் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். சாதாரண ரயர் கடைகளிலுள்ள இயந்திரம் கார், வான் சில்லுகளுக்காகச் செய்யப்பட்டது. ஏறத்தாழ 10 அங்குலத்திலிருந்து 20 அங்குலம் வரையான றிம்மையே அது பிடிக்கும். விவசாயக் குடும்பத்தின் முற்றத்தில் நிற்கும் வாகனங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சைக்கிளுக்கு இயந்திரம் தேவையில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கம்பிச் சில்லுள்ள மோட்டார் சைக்கிளின் ரயரை இரண்டு லிவரால் கழற்றலாம். இயந்திரத்தில் பூட்டுவதானால் தனியான பிடிகள் வாங்க வேண்டும். ஓட்டோவின் சில்லு 8 அங்குலம், பெரும்பாலான இயந்திரங்களின் பிடிக்குள் அடங்காதது. மேலும் அதன் றிம் இரண்டு பாதிகளை ஆணியும் நட்டும் போட்டு இணைத்தது. காற்றை இறக்கி நட்டுகளைக் கழற்றினால் பாதிகள் பிரிந்துவிடும். லான்ட்மாஸ்டரின் 12 அங்குலச் சில்லை இயந்திரம் பிடிக்கக்கூடும். ஆனால் அதையும் ஊரில் கையாலேயே கழற்றுகிறார்கள். பெரிய உழவு இயந்திரத்தின் பின்சில்லு 28 அங்குலம். அது இந்த இயந்திரத்தில் ஏறவே ஏறாது. லொறிச் சில்லுக்கோ பாரமான வேறு வகை இயந்திரம் வேண்டும்.

ஆக, கார், வான் ஆகியவற்றின் ரியூப் இல்லாத ரயர்களுக்கே இந்த இயந்திரம் உண்மையில் உதவுகிறது. அலுமினியக் கலவைச் சில்லை இரும்பு லிவரால் கழற்றினால் கீறும். விளிம்பு சேதப்பட்டால் காற்றுக் கசியும். அங்கே இயந்திரம் அவசியம். வயலுக்குப் போகும் வாகனங்களுக்கு அதன் தேவை மிகக் குறைவு.

வீட்டுப் பாவனைக்கு வாங்கினால்

இப்போது கணக்கைப் பார்ப்போம். கீழ்வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. நீங்கள் கடையில் விசாரித்த விலைகளை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

இயந்திரத்தின் விலை 4 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஒரு சில்லுக்கு ரயர் மாற்றும் கூலி 1,000 ரூபா எனக் கொள்வோம். அப்படியானால் போட்ட பணம் திரும்பி வருவதற்கு 400 சில்லுகள் கழற்ற வேண்டும். ஒரு வான் வைத்திருக்கும் குடும்பம் வருடத்துக்கு நான்கு ரயர் மாற்றுகிறது என்று தாராளமாகக் கொண்டாலும், 100 வருடங்கள் செல்லும். சாதாரண பஞ்சருக்கு ரியூப் இல்லாத ரயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து அடைத்துவிடலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இயந்திரம் தனியே வேலை செய்யாது என்பதும் கவனிக்கத்தக்கது. அதற்குக் கொம்பிரசர் வேண்டும். புது ரயர் பூட்டிய கார்ச் சில்லைச் சமநிலை பார்த்து ஈயத் துண்டு பொருத்த வேண்டும். இல்லாவிடில் வேகமாக ஓடும்போது ஸ்டியறிங் நடுங்கும். அதற்கு இன்னொரு இயந்திரம். அது இல்லையென்றால், வீட்டில் பூட்டிய சில்லைத் தூக்கிக்கொண்டு எப்படியும் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஓர் ஏக்கர் நெல் விதைப்பவர் அறுவடை இயந்திரம் வாங்குவதில்லை. அறுவடைக் காலத்தில் வாடகைக்குப் பிடிக்கிறார். அதே நியாயம் இங்கும் பொருந்தும். வீட்டுப் பாவனைக்கு மட்டும் இந்த இயந்திரத்தை வாங்குவது எமது குடும்பங்களுக்கு ஏற்றதல்ல.

தொழிலாகச் செய்தால்

தொழிலென்றால் கணக்கு மாறுகிறது. இயந்திரம், கொம்பிரசர், சமநிலை பார்க்கும் கருவி, சில்லறை உபகரணங்கள் எல்லாவற்றுக்கும் கடன் எடுத்து, வட்டியோடு மாதம் 32,000 ரூபா கட்டுகிறீர்கள் என்று வைப்போம். ஒரு சில்லுக்கு வாங்கும் 1,000 ரூபாவில் மின்சாரம், வாடகை, ஏனைய செலவு போக 700 ரூபா மிஞ்சுவதாகக் கொள்வோம். கடனுக்கு மட்டும் மாதம் 46 சில்லுகள் வேண்டும். குடும்பச் செலவுக்கு 60,000 ரூபா தேவையென்றால் இன்னும் 86 சில்லுகள். மொத்தம் 132. மாதம் 26 நாள் வேலை செய்தால், நாளொன்றுக்கு ஐந்து சில்லுகளுக்குக் குறையக் கூடாது. மழை நாளும், காய்ச்சல் நாளும், மின்சாரம் நின்ற நாளும் இதற்குள் அடங்கும்.

பேஸ்லைன் வீதியில் ஐந்து சில்லுகள் கிடைப்பது கடினமல்ல. ஆனால் அங்கே ஏற்கனவே கடைகள் இருக்கின்றன; வாடகையும் அதிகம். தெமட்டகொடையின் ஒடுங்கிய தோட்டங்களிலோ மாடிக்குடியிருப்பிலோ வைத்தால் வாகனம் வந்து நிற்க இடமில்லை, இரைச்சலால் அயலவரோடு மனத்தாங்கல். ஊரில் இடம் தாராளம், ஆனால் கார்களும் வான்களும் குறைவு. ஒரு கிழமைக்கு உங்கள் சந்தியில் நின்று, எத்தனை வாகனம், என்ன வாகனம் போகிறது என்று எண்ணி எழுதிப் பாருங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும்தான் செலவு.

கடன் விடயத்தில் எமது மக்கள் பட்ட துன்பத்தை மறத்தல் ஆகாது. 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைப் பொறுப்பேற்க அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு வரும் கடனில், வருமானம் நிச்சயமில்லாத இயந்திரத்தை வாங்குவது ஆபத்து.

பாவித்த இயந்திரம் வாங்குவோர் கவனிக்க

குறைந்த விலைக்கு வரும் பாவித்த இயந்திரங்களில் மூன்று விடயங்களைப் பாருங்கள். முதலாவது மின்சாரம். எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. மும்முனை 400 வோல்ற்று. யப்பானில் பாவித்த இயந்திரமானால் 100 அல்லது 200 வோல்ற்றுக்குச் செய்ததாயிருக்கும். மாற்றி வாங்கினால் மோட்டார் எரிந்துபோகும். இரண்டாவது, மேசையின் நான்கு பிடிகளும் ஒரே நேரத்தில், ஒரே அளவு நகர்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது, காற்றுக் குழாய்களில் கசிவு உண்டா என்று சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். கடைக்காரர் சொன்னதை நம்பாமல், ஒரு ரயரை உங்கள் கண்முன்னே கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள்.

உயிருக்கு ஆபத்து

காற்றடைத்த ரயர் ஒரு வெடிகுண்டுக்குச் சமம். இரண்டு பாதியாகப் பிரியும் றிம்மில் வால்வைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்குமுன் நட்டில் கை வைக்கக் கூடாது. லொறிச் சில்லின் பூட்டு வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால், அது கழன்று பாய்ந்து ஆளைக் கொல்லும். இரும்புக் கூட்டுக்குள் வைத்து, விலகி நின்றே காற்றடிக்க வேண்டும். கார் ரயரின் விளிம்பு உட்காரவில்லையென்று 40 இறாத்தல் அழுத்தத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. காற்றை இறக்கி, சவர்க்கார நீர் பூசி மறுபடியும் முயலுங்கள். வீட்டில் தொழில் நடந்தால் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கழித்த ரயர்களில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். 2017 இல் எமது நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கினால் பீடிக்கப்பட்டனர். பழைய ரயர்களைக் கூரையின் கீழ் அடுக்குங்கள். அவற்றை எரிப்பதும் கூடாது, புகை நஞ்சு.

அப்படியானால் என்ன செய்யலாம்?

படிப்படியாகத் தொடங்கலாம். நல்ல லிவர் இரண்டு மூன்று, இறப்பர்ச் சுத்தியல், கையால் இயக்கும் விளிம்பு பிரிக்கும் கருவி, ஒட்டுச் சாமான், நம்பகமான காற்றழுத்த மானி, ஒரு சிறு பம். இவற்றோடு சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லான்ட்மாஸ்டர் என்ற நான்கையும் பார்க்கலாம். ஊரில் அதிகம் ஓடுபவையும் அவைதாம். உழைப்பில் மிஞ்சியதைக் கொண்டு கொம்பிரசர் வாங்கலாம். இயந்திரம் கடைசிப் படி.

கடையில் வேலை செய்த அனுபவத்துக்குச் சான்றிதழ் பெறவும் வழியுண்டு. தேசிய தொழிற்றகைமை முறையில், பள்ளிக்கூடம் போகாமல் கைப்பழக்கத்தால் கற்றதையும் பரீட்சித்து அங்கீகரிக்கிறார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். வன்னிக்குத் திரும்பும் இளைஞருக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்கவும் இடமுண்டு.

ஊரில் வான்களும் சிறு லொறிகளும் பெருகியிருந்தால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தோ, கூட்டுறவுச் சங்கத்தினூடாகவோ ஒன்றை வாங்கலாம். அப்போதும் யார் இயக்குவது, வரவு செலவை யார் எழுதுவது, பழுதானால் யார் திருத்துவது என்பதை முதலில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

குடும்பமாகக் கலந்துரையாட

1. எங்கள் பகுதியில் ஒரு கிழமையில் எத்தனை கார், வான் சில்லுகள் கழற்றப்படுகின்றன? எண்ணிப் பார்த்தோமா?
2. இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவர் வேறிடம் போனால் என்ன செய்வோம்?
3. மூன்று மாதம் வருமானம் இல்லாவிட்டால் தவணையை எதிலிருந்து கட்டுவோம்?
4. மீண்டும் இடம்பெயர நேர்ந்தால் எதைத் தூக்கிக்கொண்டு போகலாம்?

நான்காவது கேள்வியை இலேசாக எண்ண வேண்டாம். எமது மக்கள் விட்டுவிட்டு வந்த உழவு இயந்திரங்களும் நீரிறைக்கும் இயந்திரங்களும் எத்தனை! கையிலுள்ள தொழிலும் ஒரு பையில் அடங்கும் உபகரணமும்தான் கூடவே வந்தன. முதலில் அவற்றைச் சேருங்கள். இயந்திரத்துக்குரிய காலம் வரும்போது, உங்கள் கொப்பியிலுள்ள கணக்கே அதைச் சொல்லும்.