ஆங்கிலச் சொலவடைகள் – 17: இதயத்துக்கு எதற்குப் பாடம்?

தேர்வு நெருங்கினால் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் ‘பைஹார்ட்’ பண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஆங்கிலேயர் ‘லேர்ன் பை ஹார்ட்’ என்று நீட்டிச் சொல்வதை நாம் வெட்டி, ஒட்டி, வினைச்சொல்லாகவே ஆக்கிக்கொண்டோம். இருக்கட்டும். பாடம் ஏறுவது மூளையில். இதயம் எங்கே குறுக்கே வந்தது?

அறிவு குடியிருப்பது இதயத்தில் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. எகிப்தியர்கள் பிணத்தைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கு வழியே கொக்கியால் இழுத்து அப்புறப்படுத்தினார்கள். இதயத்தை உடம்பிலேயே விட்டுவைத்தார்கள். மறுமையில் மாஅத் தேவதையின் இறகுக்கு எதிரே தராசில் ஏற வேண்டியது அதுதானே! கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலும் அறிவை இதயத்தில்தான் வைத்தார். மூளைக்கு அவர் கொடுத்த உத்தியோகம், உடம்பின் சூட்டைத் தணிப்பது. மூளைதான் சிந்திக்கிறது என்று ஹிப்போகிரட்டீஸ் வழிவந்த மருத்துவர்கள் அதற்கு முன்பே எழுதியிருந்தும், அரிஸ்டாட்டில் சொன்னால் மறுபேச்சு ஏது?

ஸ்டோயிக் தத்துவவாதிகள் இன்னொரு வாதம் வைத்தார்கள். பேச்சு நெஞ்சிலிருந்து கிளம்புகிறது. ஆகவே பேச வைக்கும் அறிவும் நெஞ்சில்தான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேலன் என்ற மருத்துவர் இதைப் பலர் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். உயிருள்ள பன்றியைக் கட்டிப்போட்டு, கழுத்தைக் கீறி, குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்புகளை நூலால் இறுக்கினார். அலறிக்கொண்டிருந்த பன்றியின் குரல் அப்படியே அடைத்துப்போனது. ஆனால் மூச்சு ஓடியது, இதயம் துடித்தது, திமிறலும் அடங்கவில்லை. அந்த நரம்பு மூளையிலிருந்து இறங்கி, மார்புக்குள் போய், வளைந்து மறுபடி கழுத்துக்கு ஏறி வருவது. குரலுக்கு உத்தரவு போடுவது மூளை என்று நிரூபணமாயிற்று. மயக்க மருந்து இல்லாத காலம். படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது.

மருத்துவம் ஜெயித்தும் மொழி வழிக்கு வரவில்லை. லத்தீனில் இதயத்துக்குக் ‘கோர்’ என்று பெயர். அதை வைத்துப் பிறந்த ‘ரெகார்டாரி’ என்ற வினைக்கு நினைவுகூர்தல் என்று பொருள். நம் தாலுகா ஆபீஸ் ‘ரெக்கார்ட்’ அதன் பேரப்பிள்ளை. இடைக்கால இங்கிலாந்தில் ரெக்கார்ட் என்றால் காகிதக்கட்டு அல்ல. நேரில் கண்டவர் நினைவிலிருந்து வாயால் சொல்லும் சாட்சி. பிரெஞ்சுக்காரர்களும் மனப்பாடத்தை இன்றுவரை இதயத்தின் கணக்கில்தான் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் சாசர் ‘பை ஹார்ட்’ என்று எழுதிவிட்டார்.

அதே சாசர் ‘பை ரோட்’ என்ற தொடரையும் கையாண்டிருக்கிறார். பொருள் புரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பதற்கு இன்று ஆங்கிலத்தில் வழங்குவது அதுதான். கைடு புத்தகத்தின் பத்து மார்க் விடையைக் காற்புள்ளி பிசகாமல் கொட்டுவதற்கு இந்தப் பெயரே பொருத்தம். இதயத்தை அதில் இழுப்பது அநியாயம்.

அடுத்த வாரம், எதையும் மறக்காது என்று பெயர் வாங்கிய யானையைப் பார்ப்போம்.