“நாளைக்கு வாசிக்கலாம்”

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சமயம் பெற்றோர் கூட்டம் போட்டோம். வீட்டில் குழந்தைக்குக் கதை வாசித்துக் காட்டுவது எப்படி என்பது விஷயம். அறுபது வீடுகளுக்குச் சீட்டு அனுப்பினோம், வந்தவர்கள் பதினொருவர். அவர்களிலும் பாதிப் பேர் எங்கள் உபதேசம் தேவைப்படாதவர்கள். “இந்த ஜனங்களுக்கு அக்கறையே கிடையாது” என்று உபாத்தியாயர் அறையில் பேசிக்கொண்டோம். அதிகமாகப் பேசியவன் நான்தான்.

அது எவ்வளவு தவறான பேச்சு என்பது, சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த சூஸன் மேயர், ஏரியல் கலில் முதலியோர் நடத்திய ஒரு பரிசோதனையைப் படித்த பிறகே எனக்கு விளங்கிற்று. அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துச் சிறு குழந்தைகளுக்காக ‘ஹெட் ஸ்டார்ட்’ என்னும் திட்டம் அரசாங்கப் பணத்தில் 1965 முதல் நடந்து வருகிறது. சிகாகோவில் அந்தப் பள்ளிகளுக்கு வரும் குழந்தைகளின் பெற்றோர் 169 பேரிடம், நூற்றுக்கணக்கான கதைப் புத்தகங்கள் அடங்கிய டேப்லட் கருவியை ஆறு வாரத்துக்குக் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் வாசிக்கிறார்கள் என்பதைக் கருவியே குறித்துக்கொள்ளும். ஒரு சாராருக்குக் கருவி மாத்திரம். மற்றொரு சாராரோ, ‘இந்த வாரம் இவ்வளவு நேரம் வாசிப்பேன்’ என்று தாங்களே கணக்கு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கைபேசியில் நினைவூட்டல் வரும். சொன்னது எவ்வளவு, செய்தது எவ்வளவு என்றும் தெரிவிப்பார்கள். நன்றாக வாசித்தவருக்கு ஒரு பாராட்டு. அவ்வளவே. இவர்கள் வாசித்த நேரமோ மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! இந்த முடிவுகள் 2015-ல் வெளிவந்தன.

இதைவிடச் சுவையானது வேறொன்று. பின்னால் வரும் பெரிய லாபத்தைக் காட்டிலும் இன்றைய சிறு லாபத்தையே விரும்பும் சுபாவமுள்ளவர் யார் என்பதையும் கேள்விகளால் அறிந்திருந்தார்கள். மிகுதியாகப் பயனடைந்தவர்கள் அவர்களே. நடத்தைப் பொருளாதாரம் என்னும் சாஸ்திரம் சொல்வது இதுதான்: கதை வாசிப்பதன் பலன் பத்து வருஷம் கழித்து வருவது; அடுப்பிலுள்ள பாலோ இப்பொழுதே பொங்குகிறது. ஆகவே வாசிப்பு நாளைக்குப் போகிறது. அன்புக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

“பெரியவர்களுக்குத் தூண்டில் போடுவதா?” என்றார் ஒரு நண்பர். கணக்கை வகுத்தவர்கள் பெற்றோரே அல்லவா? எனக்கு அதில் குற்றம் தோன்றவில்லை.

போன மாதம் மறுபடியும் கூட்டம் போட்டோம். எந்த நாள், எத்தனை மணிக்கு வர இயலும் என்று அவரவர் கையாலேயே எழுதி வாங்கினோம். முதல் நாள் சாயங்காலம் நினைவூட்டினோம். இருபத்துமூவர் வந்தார்கள். அவர்களில் தச்சுவேலை செய்யும் ஒருவர், துண்டை மடித்தபடி என்னிடம் வந்து, “போன தடவையும் வரணும்னுதான் ஸார் இருந்தேன்” என்றார்.