பல் சொத்தையும் மூலிகைச் சாறும்: ஆய்வுக்கூடச் சோதனை கூறுவது என்ன?

வேப்பங்குச்சி, ஆலம் விழுது, கருவேலங்குச்சி ஆகியவற்றால் பல் துலக்குவது நம் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம். இத்தகைய தாவரங்களின் சாறு பல் சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தடுக்கிறது என்ற செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. இச்சோதனைகள் எவ்வாறு செய்யப்படுகின்றன, அவற்றின் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை உழவர்கள் அறிந்திருத்தல் நலம்.

சொத்தை உண்டாகும் விதம்

பல்லில் புழு இருப்பதாகக் கருதி, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிப்போர் உண்டு. உண்மையில் பல்லில் புழு இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களே சொத்தைக்குக் காரணம். இவற்றுள் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். இதனை 1924-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிளார்க் என்ற அறிஞர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து விவரித்தார். இந்தப் பாக்டீரியா நாம் உண்ணும் சர்க்கரையிலிருந்து பசை போன்ற பொருளை உண்டாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. அதே சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. மண்ணுக்குப் பார்ப்பது போன்ற கார அமில நிலை பல்லின் மேற்பரப்பில் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால், எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து இழப்பை ஓரளவு ஈடு செய்யும். அடிக்கடி இனிப்பு தின்பவர்களுக்கு இதற்கான இடைவெளி கிடைப்பதில்லை.

சாறு தயாரித்தல்

இலை அல்லது பட்டையை நிழலில் உலர்த்திப் பொடி செய்து, நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து வடிகட்டுவர். பின்னர் அந்த நீரையோ ஆல்கஹாலையோ ஆவியாக்கி, எஞ்சிய சத்தை எடை பார்த்து, குறிப்பிட்ட செறிவில் கரைத்துக் கொள்வர். ஒரே மரத்தின் இலையானாலும் பருவம், மண், இலையின் வயது ஆகியவற்றுக்கேற்பச் சத்து மாறுபடும். ஆகவே, 'ஒரு கைப்பிடி இலை' என்ற கணக்கு ஆய்வுக்கு உதவாது.

தட்டுச் சோதனை

கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகாருடன் ஊட்டச்சத்துகளைச் சேர்த்துக் கண்ணாடித் தட்டில் உறையவைத்து, அதன்மேல் பாக்டீரியாவைச் சீராகப் பரப்புவர். பிறகு சிறு குழிகள் இட்டு, ஒன்றில் மூலிகைச் சாறும், மற்றொன்றில் சாற்றைக் கரைக்கப் பயன்பட்ட திரவம் மட்டும், இன்னொன்றில் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் குளோர்ஹெக்சிடினும் இடுவர். வயல் ஆய்வில் மருந்து தெளிக்காத பாத்தியும், ஏற்கெனவே பரிந்துரைத்த மருந்து தெளித்த பாத்தியும் ஒப்பீட்டுக்காக விடப்படுவதைப் போன்றதே இது. தட்டை 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்திருந்தால், பாக்டீரியா வளராத இடம் குழியைச் சுற்றித் தெளிந்த வட்டமாகத் தெரியும். சோதனையைப் பலமுறை திரும்பச் செய்து வட்டத்தின் விட்டத்தை அளப்பர்.

வட்டம் பெரிதாக இருப்பதனாலேயே சாறு வீரியமானது என்று கூற முடியாது. சில பொருள்கள் அகாரில் எளிதில் பரவும். எண்ணெய்த் தன்மையுள்ளவை சரிவரப் பரவுவதில்லை. ஆகவே, சாற்றைப் படிப்படியாகப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறிவர். அக்குழாயிலிருந்து சிறிதளவு எடுத்துப் புதிய தட்டில் இட்டால், பாக்டீரியா மடிந்ததா, வளராமல் மட்டும் நின்றதா என்பதும் விளங்கும்.

தட்டு வேறு, வாய் வேறு

தட்டில் சாறு ஒரு நாள் முழுவதும் பாக்டீரியாவுடன் தொடர்பில் இருக்கிறது. வாயிலோ சில நிமிடங்களில் உமிழ்நீர் அதைக் கழுவிவிடும். மேலும், பல்லில் படிந்துள்ள பசைப் படலத்துக்குள் வாழும் பாக்டீரியாவை அழிக்கப் பன்மடங்கு செறிவு தேவைப்படலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வேப்பங்குச்சிச் சாறு சோதித்த செறிவுகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. ஆனால், பாக்டீரியா பல்லை ஒத்த பரப்பில் ஒட்டுவதையும் பசை உண்டாவதையும் குறைத்தது. தட்டுச் சோதனை மட்டும் செய்திருந்தால் இப்பயன் தெரிந்திராது.

கர்நாடகத்தின் மணிப்பாலில் 6 வாரம் மனிதர்களிடம் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வேப்பிலைச் சாறு கலந்த களிம்பு பல்லில் படியும் படிவைக் குறைத்தது. இது நல்ல முடிவே. எனினும், புதிய சொத்தை தோன்றுவது குறைகிறதா என்பதை அறிய ஆண்டுக்கணக்கில் கவனித்தாக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. குச்சியால் துலக்குவோர் நுனியை நன்கு மென்று மிருதுவாக்கி, ஈறு கிழியாமல் துலக்க வேண்டும். சொத்தையைத் தடுப்பது நன்கு உறுதி செய்யப்பட்டிருப்பது ஃபுளோரைடு கலந்த பற்பசைக்கே. அதனைக் காலையிலும், இரவு படுக்கும் முன்பும் பயன்படுத்தலாம்.

2. குழந்தைகளுக்கு மிட்டாய், இனிப்புப் பானங்களை அடிக்கடி தருவதைத் தவிர்க்க வேண்டும்.

3. கிராம்புத் தைலம் வலியை மரக்கச் செய்யும், குழியை அடைக்காது. வலி நின்றது என்று இருந்துவிடாமல் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

4. 'இம்மூலிகை கிருமியைக் கொல்வதாக ஆய்வில் நிரூபிக்கப்பட்டுள்ளது' என்று கூறி நாற்று விற்போரிடம், அச்சோதனை தட்டில் நடந்ததா, மனிதர்களிடம் நடந்ததா என்று கேளுங்கள். விளைபொருளை வாங்குவோர் யார், என்ன விலை என்பதை எழுத்துமூலம் பெற்ற பின்னரே பயிரிட முன்வாருங்கள்.