அணைத்த பிறகும் மினுங்கும் பல்பு: எல்.இ.டி. வாங்கும் முன் ஒரு நிமிடம்

"சார், மாட்டுக் கொட்டகையில் குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டோம். ராத்திரி சுவிட்சை அணைத்த பிறகும் மின்மினிப் பூச்சி மாதிரி மங்கலாக எரிகிறது. பல்பு மட்டமா? மாற்றிவிடலாமா?"

தினமும் விடியற்காலை பால் கறக்கும் ஒரு வாசகியின் கேள்வி இது. பயிருக்கும் மாட்டுக்கும் பதில் எழுதுகிற எனக்குப் பல்பைப் பற்றிய கேள்வி ஏன் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் என் வீட்டில் நடந்தது ஞாபகம் வந்தது. எங்கள் பழைய வீட்டுத் திண்ணை விளக்கும் இப்படித்தான் மினுங்கியது. நான் பல்பைத்தான் குறை சொன்னேன். வேறு பல்பு போட்டேன், அதுவும் மினுங்கியது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டபோதுதான் குறை வேறு இடத்தில் இருந்தது தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். வாங்கும்போது கவனிக்க வேண்டியதை முதலில் பார்த்துவிடுவோம்.

மிச்சம் எவ்வளவு?

60 வாட் குண்டு பல்பு ஒன்று தினமும் 5 மணி நேரம் எரிந்தால், 2 மாதத்துக்கு 18 யூனிட் ஆகும். அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 2.7 யூனிட் போதும். வீட்டில் இப்படி 4 குண்டு பல்பு இருந்தால் விளக்குக்கு மட்டும் 72 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் முக்கால் பங்கை நான்கு பல்பே தின்றுவிடுகிறது. எல்.இ.டி.க்கு மாற்றினால் 11 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மீதியில் மின்விசிறி, டி.வி., கிரைண்டர் எல்லாம் ஓட்டலாம்.

பழைய டியூப் லைட்டிலும் இதே கதைதான். குழாய் 40 வாட் என்றாலும், சோக் இழுப்பதையும் சேர்த்தால் 50 வாட்டைத் தொடும். 20 வாட் எல்.இ.டி. டியூப் அதே வேலையைச் செய்யும். பழைய பட்டியிலேயே எல்.இ.டி. குழாயை மாட்டுவதாக இருந்தால், சோக்கையும் ஸ்டார்ட்டரையும் என்ன செய்ய வேண்டும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அதன்படி எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

வாட்டைப் பார்க்காதீர்கள், லூமெனைப் பாருங்கள்

வாட் என்பது பல்பு சாப்பிடும் மின்சாரம். லூமென் என்பது அது தரும் வெளிச்சம். மாடு எவ்வளவு தீவனம் தின்கிறது என்று மட்டும் கேட்டு யாரும் மாடு பிடிப்பதில்லை, எத்தனை லிட்டர் கறக்கும் என்றுதான் கேட்போம். பல்புக்கும் அப்படித்தான். ஒரே 9 வாட்டில் ஒரு பல்பு 720 லூமென் தரும், இன்னொன்று 900 லூமென் தரும். பெட்டியில் இரண்டு எண்ணும் அச்சிட்டிருக்கும். லூமெனை வாட்டால் வகுத்துப் பாருங்கள். 100 வந்தால் நல்ல பல்பு.

குளியலறை, சாமி மாடத்துக்கு 5 வாட் போதும். சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் 9 முதல் 12 வாட் வரை போடலாம்.

பெட்டியில் வேறு என்ன பார்ப்பது?

மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு தரும் நட்சத்திர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரம் கூடக்கூட மின்சாரம் மிச்சம். ஐ.எஸ். 16102 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். செல்போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால், அது உண்மையானதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து வோல்டேஜ். நம் ஊர்களில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், மோட்டார்கள் நின்றதும் ஏறும். '100 முதல் 300 வோல்ட்' என்பது போல அகலமான அளவு போட்டிருக்கும் பல்பு இதைத் தாங்கும். சந்தையில் 3 பல்பு 100 ரூபாய் என்று வாங்கி, பெயரும் முத்திரையும் இல்லாத அந்தப் பல்புகள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் போன அனுபவம் எனக்கும் உண்டு.

'25,000 மணி நேரம் எரியும்' என்று பெட்டியில் இருக்கும். தினம் 5 மணி நேரம் என்றால் 13 வருடத்துக்கு மேல். ஆனால் எல்.இ.டி. சில்லு தாங்கினாலும், அடியில் இருக்கும் டிரைவர் என்ற சர்க்யூட் சூட்டிலும் வோல்டேஜ் ஏற்றத்திலும் முதலில் போய்விடுகிறது. அதனால் கம்பெனி எழுதித் தரும் உத்தரவாத வருடத்தை நம்புங்கள். வாங்கிய தேதியைப் பல்பின் அடிப்பாகத்தில் அழியாத மையால் எழுதி, பில்லைக் கரண்ட் அட்டையோடு வைத்துவிடுங்கள். காற்றே புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் சாதாரணப் பல்பை மாட்டாதீர்கள்.

கடையில் பல்பை எரியவிட்டு, செல்போன் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் அடர்த்தியாக ஓடினால் அந்தப் பல்பு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது என்று பொருள். படிக்கிற பிள்ளைக்கு அது வேண்டாம்.

மஞ்சளா, வெள்ளையா?

பெட்டியில் 2700 அல்லது 3000 கே என்று இருந்தால் குண்டு பல்பு போன்ற மஞ்சள் வெளிச்சம். 6500 கே என்றால் பளிச்சென்ற வெள்ளை. மின்செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பூச்சிக்கு வித்தியாசம் உண்டு. நெல் வயலில் விளக்குப் பொறி வைத்தவர்களுக்குத் தெரியும், தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சியும் புகையானும் வெளிச்சத்தைத் தேடி வரும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சிகள் அதிகம் வரும், மஞ்சளுக்குக் குறைவு. திண்ணைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் மஞ்சள் போடுங்கள். படிக்கவும் சமைக்கவும் வெள்ளை போடலாம்.

மினுங்கும் பல்பு சொல்லும் சேதி

இப்போது வாசகியின் கேள்விக்கு வருகிறேன். சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் வயரில் இருக்க வேண்டும். பழைய வீடுகளிலும் கொட்டகைகளிலும் சிலர் தெரியாமல் நியூட்ரல் வயரில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி இருந்தால், சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். ஈரச் சுவர், பழைய வயர் வழியாக மிகச் சிறிய கசிவு இருந்தாலே எல்.இ.டி. மினுங்கும். குண்டு பல்புக்கு அது போதாது என்பதால் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை. என் வீட்டிலும் இதுதான் நடந்தது. 'அணைத்துவிட்டோம்' என்ற நம்பிக்கையில் பல வருடம் வெறுங்காலோடு நின்று அந்த ஹோல்டரில் பல்பு மாற்றியவர் என் அம்மா. எலெக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துக் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது.

சில இடங்களில் சுவிட்சில் இருக்கும் சிவப்பு இண்டிகேட்டர் விளக்காலும், மாடிப்படியில் போடும் இரட்டைச் சுவிட்சின் நீண்ட வயராலும்கூட இப்படி மினுங்கும். அதில் பயம் இல்லை. ஆனால் எது காரணம் என்பதை நாமே முடிவு செய்யக் கூடாது. கொட்டகைத் தரை எப்போதும் ஈரம். மாட்டுக்கு மனிதரைவிடக் குறைந்த மின்சாரமே ஆபத்து.

ஆகவே அம்மா, பல்பை மாற்ற வேண்டாம், வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மெயினை அணைக்காமல் அந்தப் பல்பைத் தொடாதீர்கள். அப்படியே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி ஒன்றும் எர்த்தும் போட்டுவிடுங்கள். கசிவு ஏற்பட்டால் அந்தக் கருவி நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கொட்டகைக்கு ஈரமும் தூசியும் புகாத, ஐ.பி. 65 என்று போட்ட மூடிய விளக்கு ஏற்றது.

இன்னொரு விஷயம். வீட்டு விளக்குகள் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசமாக எரிந்தால், லைனில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய டியூப் லைட், சி.எஃப்.எல். பல்புகளில் பாதரசம் இருக்கிறது. அவற்றை உடைத்து உரக்குழியில் போட்டால் அது நம் மண்ணுக்கே வந்து சேரும். உடையாமல் அட்டைப் பெட்டியில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.