இன்று எங்கே வலை கட்டுவது?

இமாசலப் பிரதேசம் நம் நாட்டின் வடக்கே உள்ள மலை மாநிலம். அங்கே சட்லெஜ் ஆற்றின் குறுக்கே பக்ரா அணை இருக்கிறது. 1963-ல் அந்த அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் நீருக்கு கோவிந்த் சாகர் என்று பெயர். அதன் நீளம் சுமார் 90 கிலோ மீட்டர்.

ஏரிக்கரை ஊர்களில் பல குடும்பங்கள் மீன் பிடித்துப் பிழைக்கின்றன. மீனவர்கள் மாலையில் படகில் சென்று செவுள் வலை கட்டுவார்கள். மீன் வலைக் கண்ணில் தலையை நுழைக்கும். செவுள் மாட்டிக்கொள்ளும். காலையில் போய் வலையை இழுப்பார்கள்.

இவ்வளவு பெரிய ஏரியில் எங்கே வலை கட்டுவது? இடம் தவறினால் ஒரு இரவு உழைப்பு வீண். படகுச் செலவும் கையை விட்டுப் போகும். அடுப்பு எரிவதும் எரியாததும் இந்த ஒரு முடிவில் இருக்கிறது.

அங்கே மீன் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக விற்கப்படுகிறது. துறையில் மீனை நிறுத்து, எடையை எழுதுகிறார்கள். இந்தக் கணக்குதான் மீன்பிடி அறிக்கை. முன்பு வாய் வழியாகத்தான் செய்தி பரவியது. இப்போது செல்பேசியிலும் வருகிறது. ஆனால் வாய்ச் செய்தியில் ஒரு குறை உண்டு. நிறையப் பிடித்தவர் ஊரெல்லாம் சொல்வார். வெறும் வலையோடு திரும்பியவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். சங்கப் புத்தகம் அப்படி இல்லை. நாலு கிலோ என்றால் நாலு கிலோதான்.

எடையை மட்டும் பார்த்தால் போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேல் துறையில் ஒருவருக்கு 40 கிலோ மீன் கிடைத்தது. கீழ்த் துறையில் இன்னொருவருக்கு 30 கிலோ. மேல் துறைதான் நல்லது என்று தோன்றும். ஆனால் மேல் துறைக்காரர் 20 வலை கட்டினார். ஒரு வலைக்கு 2 கிலோ. கீழ்த் துறைக்காரர் கட்டியது 10 வலைதான். ஒரு வலைக்கு 3 கிலோ. மீன் அதிகம் இருந்தது கீழ்த் துறையில்தான்! புத்தகத்தில் வலைக் கணக்கு இல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வலைக் கண்ணின் அளவையும் கேட்க வேண்டும். பெரிய கண் வலையில் சிறிய மீன் நிற்காது.

அடுத்து, தேதி. அறிக்கை சொல்வது போன நாளின் கதையை. மீனுக்குக் கால் இல்லாவிட்டாலும் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. நல்ல செய்தி வந்த இடத்துக்கு எல்லாப் படகும் ஓடும். மறுநாள் அங்கே மீனைவிட வலை அதிகமாக இருக்கும். ஒரு நாள் செய்தியை நம்புவதைவிட, ஒரு வாரக் கணக்கைப் பார்ப்பது நல்லது. போன வருடம் இதே மாதக் கணக்கு கிடைத்தால் இன்னும் நல்லது.

கூடவே ஏரியின் நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டும். பக்ரா அணை நிரம்பினால் 1680 அடி என்பார்கள். இது ஏரியின் ஆழம் அல்ல. கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். கோடையில் மலைப்பனி உருகி நீர் வரும். பிறகு மழை நீரும் சேரும். செப்டம்பர் வரை ஏரி ஏறும். அதன் பிறகு இறங்கத் தொடங்கும். நீர் ஏறும்போது கரையோரப் புல்லும் செடியும் மூழ்கும். அங்கே இரை தேடி மீன்கள் வரும். கலங்கிய நீரில் மீன் கண்ணுக்கு வலை தெரியாது. அது நல்லதுதான். ஆனால் வெள்ளம் அடித்து வரும் கட்டை வலையைக் கிழித்துவிடும். நீர் நன்றாக இறங்கும்போது, மூழ்கிப்போன பழைய பிலாஸ்பூர் ஊரின் கோயில்கள் வெளியே தெரியும். நீர் ஏறிய பிறகும் வலை கட்டுபவர் அந்தக் கற்களை மறக்கக் கூடாது.

பழைய கணக்குகளில் இன்னொரு செய்தியும் உண்டு. 1971-ல் வெள்ளம் வந்தது. ஒரு மீன் பண்ணையிலிருந்து வெள்ளிக் கெண்டை தப்பி ஏரியில் சேர்ந்தது. யாரும் திட்டமிட்டு விடவில்லை. அது பெருகிப் பெருகி, வலையில் விழும் மீன்களில் முதலிடம் பிடித்தது. வலையை மாற்ற வேண்டுமா என்பதை இப்படிப்பட்ட கணக்குதான் காட்டும்.

மழைக்காலத்தில் மீன்கள் முட்டையிடும். அப்போது இரண்டு மாதம் மீன் பிடிக்கத் தடை உண்டு. அந்த நாட்களில் யாராவது "அங்கே மீன் துள்ளுகிறது" என்றால், அந்தச் செய்தியால் பயன் இல்லை. சினை மீனைப் பிடித்தால் அபராதம். அடுத்த வருட வலையும் காலி.

ஆற்றில் பிடிக்கப் போகிறவருக்கு மீன் செய்தியைவிட அணைச் செய்தி முக்கியம். அதே மாநிலத்தில் பியாஸ் ஆறு ஓடுகிறது. 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து அந்த ஆற்றில் நீர் திறக்கப்பட்டது. ஆற்றுப் பாறைகளில் ஐதராபாத் மாணவர்கள் நின்றிருந்தார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மழை இல்லை, வானம் தெளிவு என்றாலும் அணைக்குக் கீழே ஆறு திடீரென்று ஏறலாம். இன்று தண்ணீர் திறப்பார்களா, எத்தனை மணிக்கு என்று கேட்காமல் இறங்கக் கூடாது. சங்கு ஒலித்தால் வலையை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும்.

எந்தத் துறைக்குப் போகிறார், யார் கூட வருகிறார், எப்போது திரும்புவார் என்று மூன்று வரி எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். நேரம் தவறினால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று வீட்டாருக்குத் தெரியும்.