குழல்வாய்மொழி என்னும் பெயர்

நுழையும்முன்

ஒரு பெயரின் பொருளையும், அது வேரூன்றிய ஊரையும், அது பெருகிய காலத்தையும் அருகிய காலத்தையும் ஆராய்ந்தால் மொழியின் வரலாறும் மக்களின் வாழ்வும் ஒருங்கே புலப்படும். தென்காசி வட்டாரத்திற்கு உரிய அரிய பெண்பெயர்களுள் ஒன்று குழல்வாய்மொழி. இனிய பொருளும் தொன்மையான இலக்கியச் சார்பும் உடைய இப்பெயர் ஏன் அரிதாயிற்று என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திசைதோறும் ஒரு பெயர்

தென்காசிக்குக் கிழக்கே அமைந்துள்ள ஊர் சுரண்டை. 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாக உருவாகும் வரை, இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. சுரண்டையை நடுவாக வைத்துச் சுற்றிலும் நோக்கினால், ஒவ்வொரு திசையிலும் ஒரு திருக்கோயிலும் அக்கோயில் இறைவியின் பெயரும் அமைந்திருப்பதைக் காணலாம். வடக்கே சங்கரன்கோவிலில் கோமதியம்மை. தெற்கே பாபநாசத்தில் உலகம்மை. தென்கிழக்கே திருநெல்வேலியில் காந்திமதியம்மை. மேற்கே தென்காசியிலும் உலகம்மை. அதற்கும் மேற்கே, மலையடிவாரத்துக் குற்றாலத்தில் குழல்வாய்மொழியம்மை.

இவ்வட்டார மக்கள் தம் பெண்மக்களுக்கு இவ்விறைவியரின் பெயர்களைச் சூட்டி வந்துள்ளனர். கோமதி, உலகம்மாள், காந்திமதி ஆகிய பெயர்கள் பழைய நிலப்பத்திரங்களிலும் பள்ளி வருகைப் பதிவேடுகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் இயல்பாக இடம்பெறுபவை. ஊர்த்தெய்வங்களின் பெயர்களான இசக்கியம்மாள், பேச்சியம்மாள், முப்பிடாதி போன்றவையும் அவ்வாறே பரவலாக வழங்கின. ஆண்களுக்குக் குற்றாலம், குற்றாலிங்கம், குற்றாலநாதன் என்னும் பெயர்கள் உண்டு. ஆயினும், அதே குற்றாலத்து இறைவியின் பெயர் தாங்கிய பெண்களைக் காண்பது அரிது. பெயரைக் கேட்டவுடன் ஊரை அறிந்துகொள்ளும் அளவிற்கு அது தனித்து நிற்கிறது.

பெயரின் பொருள்

குழல், வாய்மொழி என்னும் இரு சொற்கள் இணைந்தது இப்பெயர். குழலின் இசை போன்ற இனிய வாய்மொழியை உடையவள் என்பது இதன் பொருள். ‘குழல் போன்ற வாய்மொழி’ என விரியும்போது இது உவமைத்தொகை. அத்தொகை பேச்சைக் குறிக்காமல், அப்பேச்சிற்கு உரியவளைக் குறிக்கும்போது, உவமைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை ஆகிறது. ‘உடையவள்’ என்னும் சொல் பெயரில் எங்கும் இல்லை. தமிழறிந்தவர் செவியில் அது தானே வந்து பொருந்துகிறது.

குழல் என்னும் சொல்லுக்குப் புல்லாங்குழல், கூந்தல், உள்துளை உடைய பொருள் எனப் பல பொருள்கள் உண்டு. பூங்குழலி என்னும் பெயரில் குழல் என்பது கூந்தலைக் குறிக்கும். பூச்சூடிய கூந்தலை உடையவள் என்பது அதன் பொருள். திருச்சிராப்பள்ளி இறைவியின் பெயரான மட்டுவார்குழலி என்பதும் கூந்தலின் சிறப்பால் அமைந்தது. குழல்வாய்மொழி என்பதிலோ குழல் இசைக்கருவியாகிறது. ஒரே சொல், தன்னை அடுத்து நிற்கும் சொல்லால் பொருள் வேறுபடுவதை இப்பெயர்கள் தெளிவாக்குகின்றன.

தோற்றத்தைப் போற்றும் பெண்பெயர்கள் தமிழில் மிகுதி. கண்ணின் அழகால் கயற்கண்ணி, கூந்தலின் அழகால் பூங்குழலி, இடையின் மென்மையால் கொடியிடை எனப் பெயர்கள் அமைந்தன. குழல்வாய்மொழி என்னும் பெயரோ பேச்சைப் போற்றுகிறது. பேசுதற்கு உரியவளாகப் பெண்ணைக் காணும் பெயர் அது. பிறந்த குழந்தை இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆதலால், அதற்குச் சூட்டப்படும்போது இப்பெயர், இனிய சொல் வளர்க என்னும் பெற்றோரின் வாழ்த்தாகிறது. குழலினும் யாழினும் மழலைச்சொல்லே இனிது என்னும் வள்ளுவரின் கருத்தும் இங்கு நினைக்கத்தக்கது.

ஒரு பொருள், இரு பெயர்

தமிழகத் திருக்கோயில்கள் பலவற்றில் இறைவிக்குத் தமிழ்ப்பெயர் ஒன்றும் வடமொழிப்பெயர் ஒன்றும் வழங்குகின்றன. குற்றாலத்து இறைவிக்கு வேணுவாக்வாதினி என்பது வடமொழிப்பெயர். வேணு என்பது குழலையும், வாக் என்பது சொல்லையும் குறிக்கும். மதுரையில் அங்கயற்கண்ணி, மீனாட்சி என்பனவும், நாகப்பட்டினத்தில் கருந்தடங்கண்ணி, நீலாயதாட்சி என்பனவும் இவ்வாறு இணையாக வழங்குபவை.

இவ்விணைகளில் மக்கள் எதனைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டினர் என்பது சிந்திக்கத்தக்கது. மதுரையில் மீனாட்சி என்னும் பெயரே வீடுதோறும் ஒலித்தது. சங்கரன்கோவில் இறைவிக்குக் கோமதி, ஆவுடையம்மை என்னும் இரு பெயர்கள் உண்டு. பசுக்களை உடையவள் என்பதே இரண்டிற்கும் பொருள். இங்கு இரு பெயர்களுமே பெண்களுக்கு வழங்கின. வேதாந்தப் பாடல்கள் பாடிய செங்கோட்டை ஆவுடையக்காளின் பெயர் இதற்குச் சான்று. காலப்போக்கில் ஆவுடையம்மாள் என்னும் பெயர் மூத்தோர் பெயராகிக் குறைய, கோமதி என்பது நிலைத்தது. குற்றாலத்தில் நிலைமை வேறு. இறைவியின் தமிழ்ப்பெயரையே மக்கள் நன்கறிவர். கோயிலில் அப்பெயர் வென்றது, வீடுகளில் பரவவில்லை.

இதற்குப் பெயரின் வடிவம் ஒரு காரணம் எனலாம். கோமதி மூன்றெழுத்துப் பெயர். உலகம்மை, காந்திமதி ஆகியன ஐந்தெழுத்துப் பெயர்கள். குழல்வாய்மொழி ஏழெழுத்துகளால் ஆனது. அன்றாட அழைப்பில் நீண்ட பெயர்கள் சுருங்குவது இயல்பு. காந்திமதி ‘காந்தி’ ஆனாலும், மீனாட்சி ‘மீனா’ ஆனாலும் அழைப்பு நிறைவாகவே இருக்கிறது. குழல்வாய்மொழியைக் ‘குழல்’ எனச் சுருக்கினால் பேச்சு மறைகிறது. ‘மொழி’ எனச் சுருக்கினால் இசை மறைகிறது. முழுமையாக அழைத்தால்தான் இப்பெயர் பொருள் தரும்.

தெரிந்து தெளிவோம்

குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்தவர். திரிகூடம் என்பது குற்றாலத்தின் மறுபெயர். புலவரின் பெயரே அவர்தம் மண்ணைச் சொல்கிறது. திருக்குற்றாலத் தலபுராணம், குழல்வாய்மொழி கலிப்பாமாலை முதலிய நூல்களையும் இவர் இயற்றியுள்ளார். குற்றாலக் குறவஞ்சியின் தலைவி பெயர் வசந்தவல்லி.

பெயர்த்தி என்னும் பாலம்

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. இச்சொற்களே பேரன், பேத்தி எனத் திரிந்தன. உறவுமுறைச் சொல்லுக்குள்ளேயே பெயர் சூட்டும் மரபைத் தமிழ் பொதிந்து வைத்துள்ளது. ஒரு பெயர் குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு அடுத்த தலைமுறையில் மீண்டும் தோன்றுவதற்கு இம்மரபே காரணம். இலக்கியமும் ஏடும் அறியாத வீடுகளிலும் பழம்பெயர்கள் பிழைத்திருந்தது இவ்வாறுதான்.

இம்மரபிற்குள் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. மாமன், மாமியர் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லலாகாது என்னும் வழக்கம் முற்காலத்தில் வலுவாக நிலவியது. மாமியாரின் பெயர் தன் மகளுக்குச் சூட்டப்பட்டால், தாய் அம்மகளை அப்பெயரால் அழைக்க இயலாது. அதனால் குழந்தைக்கு வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று தனியே தோன்றியது. ஏட்டில் இருந்த பெயர் நாவில் பழகவில்லை. நாவில் பழகிய பெயர் ஏட்டில் ஏறவில்லை. பெரும்பான்மையாக வழங்கிய பெயர்கள் இவ்விடரைத் தாங்கிக்கொண்டன; ஒரு வீட்டில் மறைந்தாலும் மறுவீட்டில் ஒலித்தன. அரிய பெயர்களுக்கு அத்தகைய மறுவீடு இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றம்

1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், மக்கட்பெயர்களிலும் மாற்றத்தை விளைவித்தது. வேதாசலம் என்னும் தம் பெயரை அவர் மறைமலை என மாற்றிக்கொண்டார். வேதம் என்பது மறையாயிற்று. அசலம் என்பது மலையாயிற்று. பின்னர்த் திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் தமிழ்ப்பெயர் சூட்டல் ஊர்தோறும் பரவியது. கயல்விழி, மலர்விழி, தமிழ்ச்செல்வி, பூங்கொடி, தேன்மொழி, கனிமொழி, அருள்மொழி போன்ற பெயர்கள் பள்ளிகளில் பெருகின.

மொழி என முடியும் பெயர்கள் இக்காலத்தில் செழித்தன என்பது கருதத்தக்கது. தேன்மொழி, கனிமொழி என்பன குழல்வாய்மொழியின் அமைப்பையே உடையவை. தேன் போன்ற மொழியை உடையவள் எனவும், கனி போன்ற மொழியை உடையவள் எனவும் அவை விரியும். அமைப்பு ஒன்றாயினும், அவை நான்கெழுத்துப் பெயர்கள். எந்த ஊருக்கும் எச்சமயத்திற்கும் தனியுரிமை ஆகாதவை. குழல்வாய்மொழியோ ஒரு மலையையும் ஒரு கோயிலையும் சார்ந்து நின்றது. அதன் இளைய தங்கையர் போன்ற பெயர்கள் தமிழகமெங்கும் பரவ, மூத்தவள் பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டாள்.

இலக்கியம் தரும் பெயர்

அரிய பெயர் ஒன்றைப் பலரறியச் செய்யும் ஆற்றல் இலக்கியத்திற்கு உண்டு. ஆங்கிலத்தில் வெண்டி என்னும் பெண்பெயர், 1904ஆம் ஆண்டில் ஜே. எம். பாரியின் ‘பீட்டர் பேன்’ நாடகம் அரங்கேறிய பின்னரே பெருவழக்காயிற்று. தமிழில் கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் வரும் ஓடக்காரப் பெண் பூங்குழலி, கற்பனைப் பாத்திரம். ஆயினும், வாசகர் மனத்தில் அப்பெயர் ஆழப் பதிந்தது. நா. பார்த்தசாரதி தம் ‘பாண்டிமாதேவி’ புதினத்தில், இடையாற்றுமங்கலம் நம்பியின் மகளுக்குக் குழல்வாய்மொழி என்னும் பெயரைச் சூட்டினார். குற்றாலத்தைக் காணாத வாசகரும் அப்பெயரை அறிய இப்புதினம் வாய்ப்பளித்தது. எனினும், பூங்குழலி அடைந்த புகழை அது அடையவில்லை.

ஏட்டில் ஏறும் பெயர்

இக்காலத்தில் பெயரின் வாழ்வைத் தீர்மானிப்பதில் ஆவணங்களுக்கும் பங்குண்டு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே வகைப் பதிவுமுறையைக் கொண்டுவந்தது. முன்பு ஒருவரின் பெயர் வீட்டில் ஒருவகையாகவும் ஊரில் ஒருவகையாகவும் வழங்க இயன்றது. இன்றோ பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகிய அனைத்திலும் எழுத்து மாறாமல் ஒரே வடிவம் வேண்டும்.

குழல்வாய்மொழி என்னும் பெயரில் ழகரம் இருமுறை வருகிறது. ஆங்கிலத்தில் எழுதுகையில் ழகரத்தைச் சிலர் ‘இசட்’, ‘எச்’ என்னும் ஈரெழுத்துகளால் குறிப்பர்; சிலர் ‘எல்’ என்னும் ஓரெழுத்தால் குறிப்பர். ஆகவே, ஒரே பெயர் பல வடிவங்களில் பதிவாக வாய்ப்புண்டு. வடிவம் மாறினால் திருத்தத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். தேவைப்படின் அரசிதழில் பெயர்மாற்றமும் வெளியிட வேண்டும். உயர்கல்விக்கும் வேலைக்கும் வெளிமாநிலம் செல்லும் பெண், தன் பெயரைப் பலமுறை ஒலித்துக்காட்ட நேரிடும். எழுதவும் ஒலிக்கவும் எளிதான குறும்பெயர்களைப் பெற்றோர் நாடுவதற்கு இத்தகைய நடைமுறைத் துன்பங்களும் காரணம் ஆகும். எண்கணிதம் பார்த்து முதலெழுத்தைத் தேர்வுசெய்யும் வழக்கமும், கிரந்த எழுத்துகள் பயிலும் பெயர்கள்மீது உள்ள விருப்பமும் இதனுடன் சேர்ந்துகொண்டன.

பெற்றோரின் விருப்பம் காலந்தோறும் மாறுவது இயல்பே. கோமதியும் காந்திமதியும்கூட இன்று பெரும்பாலும் பாட்டிமார் பெயர்களாகி வருகின்றன. பெருவழக்காக இருந்த பெயர் குறைந்தாலும், அது மீண்டும் துளிர்ப்பதற்கு நினைவுகள் பல இருக்கும். ஆனால், சிலரிடமே வழங்கும் பெயர், அச்சிலர் சூட்டாமல் விட்டால், கோயில் கல்வெட்டிலும் நூல் தலைப்பிலும் மட்டுமே எஞ்சும். அங்கு அதனைப் படிக்கலாம். அதனைக் கூவி அழைக்கவும் அழைப்பிற்கு ஒரு பெண் திரும்பிப் பார்க்கவும் இயலாது. ஒரு வீட்டில் பாட்டியின் பெயர் என்ன என்று கேட்டறிவதும், அப்பெயரைப் பிழையின்றி எழுதிவைப்பதும், அது மீண்டும் சூட்டப்படுவதற்கான முதற்படியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர்களைத் தொகுத்து, அவற்றின் பொருளையும் சூட்டப்பட்ட காரணத்தையும் எழுதுக.

2. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோயில், மலை, ஆறு ஆகியவற்றின் பெயர்கள் மக்கட்பெயர்களாக வழங்குவதைக் கண்டறிந்து பட்டியலிடுக.

3. தேன்மொழி, கயல்விழி, பூங்குழலி, குழல்வாய்மொழி ஆகிய பெயர்களை விரித்தெழுதி, அவற்றில் அமைந்துள்ள தொகைகளை விளக்குக.

4. ‘அரிய பெயர்களைப் பாதுகாத்தல் தேவையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.