பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய துணைக்கருவிகள்

1981ஆம் ஆண்டு டிசம்பரில், கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் கம்பெனியின் பி.பி.சி. மைக்ரோ என்னும் வீட்டுக் கம்ப்யூட்டர் இங்கிலாந்தில் வெளிவந்தது. நம் நாட்டில் 1984இல் தொடங்கிய பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்திலும் இந்த யந்திரமே உபயோகிக்கப்பட்டது. ஆகவே, பள்ளிக் கிடங்கில் அத்தகைய யந்திரம் ஒன்றைக் காண நேரும் ஆசிரியர், அதைப் பயனற்ற சாமானென்று தள்ளிவிடலாகாது.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. எடுத்தவுடன் மின்சாரத்தைப் பாய்ச்சுதல் கூடாது. மின்வழங்கிப் பெட்டியிலுள்ள காகிதக் கபாசிட்டர்களின் மேலுறை நாளடைவில் வெடிப்புற்று, ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. மின்சாரம் பாய்ந்ததும் அவை புகை கக்கிச் சிதறக்கூடும். தேர்ச்சி பெற்ற மின்தொழிலாளியைக் கொண்டு அவற்றை மாற்றிய பின்னரே யந்திரத்தை இயக்க வேண்டும்.

அடுத்தது, சேமிப்புச் சாதனம். அக்காலத்தில் ஒலிநாடாவும் 5¼ அங்குல நெகிழ்தட்டும் உபயோகத்தில் இருந்தன. 80 தடங்கள் கொண்ட தட்டின் ஒரு பக்கம் 200 கிலோபைட் கொள்ளும். அதன் காந்தப் பூச்சு காலத்தால் கெடும் இயல்புடையது. ஆசிரியர்கள் அந்நாளில் எழுதிய பாட நிரல்கள் அத்தட்டுகளில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். தாமதித்தால் அவை மீளா. எனவே, அவற்றை எஸ்.டி. அட்டைக்குப் பிரதி செய்தல் அவசரப் பணியாகும். அட்டையில் ஒரே கோப்பினுள் 511 தட்டுகளின் பிரதிகளை அடக்கலாம். யந்திரம் 5 வோல்ட்டிலும் அட்டை 3.3 வோல்ட்டிலும் இயங்குவதால், இடையே மின்னழுத்தத்தைக் குறைக்கும் இணைப்புக்கருவி இன்றியமையாதது.

இந்த யந்திரத்தின் படக்குறி விநாடிக்குச் சுமார் 15,600 கோடுகளை வரைகிறது. இக்காலத்துக் கம்ப்யூட்டர் திரைகளுள் பல 31,000க்குக் குறைந்த வேகத்தை ஏற்பதில்லை. ஆதலின் ஒரு மாற்றிப்பெட்டியும் தேவைப்படும்.

மாணவர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. யந்திரத்தின் அடியில் 'ட்யூப்' என்னும் இணைப்புவாய் உளது. 1985 ஏப்ரலில் முதல் 'ஆர்ம்' சில்லு, பி.பி.சி. மைக்ரோவின் ட்யூபில் இணைக்கப்பட்டே சோதிக்கப்பெற்றது. அவ்வழியில் வளர்ந்த சில்லைத் தாங்கிய ராஸ்ப்பெரி பை என்னும் சிறு பலகையை, தக்க இணைப்புக்கருவியின் மூலம் இன்று அதே வாயில் பொருத்தி, இரண்டாம் செயலியாக இயக்கலாம். பெண், பிறந்தகத்துக்கு வந்ததை ஒக்கும் இது.

32 கிலோபைட் நினைவகமே உடைய இந்த யந்திரத்தில், ஒவ்வொரு கட்டளையும் எங்ஙனம் நிறைவேறுகிறது என்பதை மாணவர் படிப்படியாகக் காணவியலும். மின்வழங்கியைச் செப்பனிடுதல், தட்டுகளைப் பிரதி செய்தல், பின்னரே ஏனைய துணைக்கருவிகள் என்னும் வரிசையை ஆசிரியர்கள் மாற்றாதிருத்தல் நலம்.